தலையை ஆட்டாத கழுத்து அண்ணை

கழுத்து அண்ணையைப் போலப் பயப்படத் தெரிந்தவர் இந்தப் பூமியில் இன்னொருவர் பிறக்கவில்லை. நானும் பயந்தவள்தான். கரப்பான்பூச்சி, மேலதிகாரி, விசா அலுவலகம் என்று எனக்கும் ஒரு வரிசை உண்டு. ஆனால் அவர் முன்னால் நான் வெறும் கத்துக்குட்டி. மெட்ரோவில் எதிரே இருப்பவர் இரண்டாவது முறை பார்த்தால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவார். மணி என்ன என்று கேட்டால்கூட, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

அப்படிப்பட்டவர், இந்தக் கட்டுரையில் தன் முழுப் பெயரையும் போட்டே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். போட்டால் வீட்டுப் படி ஏறக் கூடாது என்கிறார் அவருடைய மனைவி மகேஸ் அக்கா. அக்கா வைக்கும் மீன் குழம்பை உத்தேசித்து நான் பட்டப்பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். இவ்வளவு பயந்தவருக்குப் பெயர் போடும் ஆசை எதற்கு என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாடு நாடாகப் போய்க் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டிக்கொடுக்கும் ஒரு மாண்ட்ரியல் கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தபோது, அண்ணை அங்கே என்ஜினியர். யாழ்ப்பாணத்துக்காரர். "கழுத்து" என்று பெயர் வைத்தது சென்னையிலிருந்து வந்த எங்கள் கோஷ்டி. காரணம், அந்தக் கழுத்து அசையாது. ஆமாம் என்றால் வாயால் "ஓம்". இல்லை என்றால் வாயால் "இல்லை". தலை ஒரு நூல்கூட ஆடாது. நாங்களோ காபி வேண்டுமா என்றாலே கோயில் மாடு மாதிரி தலையை ஆட்டுகிற கூட்டம்.

முதல் நாள் "வணக்கம் சார்" என்றேன். ஓரடி பின்னால் போனார்.

"சேர் எண்டு கூப்பிடாதையும், பிள்ளை. நாங்கள் ஆமிக்காரனைத்தான் அப்பிடிக் கூப்பிட்டனாங்கள். அண்ணை எண்டு சொல்லும்."

"சரிங்கண்ணா" என்று தலையாட்டினேன். இன்னும் ஓரடி போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார்.

"தலையை ஆட்டாதையும்! வாயாலை சொன்னால் காணும்."

பாவம், கழுத்து வலி முற்றிவிட்டது என்று முடிவு கட்டினேன். அடுத்த தடவை ஊரிலிருந்து வந்தபோது ஒரு தைலம் வாங்கி வந்து கொடுத்தேன். "ஓம், தாங்ஸ்" என்று வாங்கிக்கொண்டார். மகேஸ் அக்கா அதை முழங்காலுக்குத் தேய்த்து நல்ல சுகம் கண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தக் கழுத்தால் கம்பெனியில் அவருக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் பிரிவின் பெரிய அதிகாரி பிரெஞ்சு பேசும் ஒரு கியூபெக்காரர். எதற்கெடுத்தாலும் நன்றி என்பதற்கு மெர்சி, மெர்சி என்று சொல்வதால் அவருக்கு மெர்சி துரை என்று பெயர் வைத்திருந்தோம். அவர் திரையில் படம் போட்டு விளக்கும்போது நாங்கள் எல்லோரும் தாளம் தப்பாமல் தலையாட்டுவோம். அண்ணை மட்டும் தூண் மாதிரி உட்கார்ந்திருப்பார். துரைக்கு வியர்க்கும். "இதில் ஏதாவது தப்பா?" என்று கேட்பார். அண்ணை பயத்தில் வாயையும் திறக்க மாட்டார். துரை திட்டத்தை மாற்றி மறுபடியும் கொண்டு வருவார். இப்படியே மாற்றி மாற்றி, கழுத்து அண்ணைதான் கம்பெனியிலேயே நுணுக்கமான மூளை என்று பெயராகிவிட்டது.

குளிர்காலம் வந்தால் இன்னும் மோசம். மைனஸ் முப்பதில் ஊரே முகத்தை மூடிக்கொண்டு கண் மட்டும் தெரிய நடக்கும். அண்ணை மூட மாட்டார். மீசையில் பனி உறைந்து வெள்ளைக் கம்பியாக நிற்கும். அதுமட்டுமா, எதிரே கண் மட்டும் தெரிகிற ஆள் வந்தால் தெருவைக் கடந்து மறுபக்கம் போய்விடுவார். மறுபக்கத்திலும் அதே மாதிரி ஆள்தானே வருவான்? திரும்ப இந்தப் பக்கம். ஜனவரி மாதத்தில் அவர் நேராக நடந்து நான் பார்த்ததில்லை. கிறிஸ்துமஸ் பரிசாக முகத்தை மூடும் கம்பளிக் குல்லா ஒன்று கொடுத்தேன். செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கி மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார்.

இந்த நிலையில் மெர்சி துரை அவரை ஒரு நாட்டுக்கு அழைத்துப் போனார். நாட்டின் பெயர் வேண்டாமே. கனடாவுக்கு வரும் வழியில் ஏஜென்சிக்காரன் காசை வாங்கிக்கொண்டு அண்ணையை நடுவில் கைவிட்ட நாடு அது. அங்கே சில வருடம் அல்லாடியதில் அந்தப் பாஷை அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. துரைக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

போனவர் வேறு, வந்தவர் வேறு. முன்பெல்லாம் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பயப்படுவார். வந்த பிறகு மொத்தப் பயத்தையும் மெர்சி துரை ஒருவர் மேலேயே வைத்துவிட்டார்.

"பிள்ளை, இண்டைக்கு அவர் சொன்ன போன்ஜூர் கொஞ்சம் நீளம். கவனிச்சனீரோ?"

"ஒரு வணக்கத்துல என்னண்ணா நீளம்?"

"இல்லை, ஏதோ தெரிஞ்சிட்டுது அவருக்கு."

ஒருநாள் மத்தியானம், "ஒரு விசயம் கதைக்க வேணும். இஞ்சை வேண்டாம், ஆரும் கேப்பினம்" என்று என்னைத் தெருவுக்கு இழுத்துப் போனார். யாரும் ஒட்டுக் கேட்க முடியாத இடமாகப் பார்த்துத்தான் நிறுத்தினார். பனி அள்ளும் வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்த தெரு. காரை எடு, காரை எடு என்று சைரன் ஊளையிடுகிறது. எந்திரம் பனியை லாரிக்குள் வாரி இறைக்கிறது. அதன் பக்கத்தில் நின்று அண்ணை பேசினார். கையை விரித்தார், நெஞ்சில் வைத்தார், கண்ணைத் துடைத்தார். எனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. பெரிய மனிதர் அழுகிறாரே என்று, பழக்கதோஷத்தில், தலையை மட்டும் ஆட்டி வைத்தேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. வண்டி போன பிறகு, "விளங்கினதோ?" என்றார்.

"ஒண்ணுமே கேக்கலண்ணா."

"பேந்து ஏன் தலையை ஆட்டினனீர்?"

"சும்மா... மரியாதைக்கு."

சனிக்கிழமை பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அவர் குடியிருந்த கட்டடத்தின் நிலவறைக்கு வரச் சொன்னார். குடியிருப்பவர்கள் துணி துவைக்கும் அறை அது. உலர்த்தும் எந்திரங்கள் கடகடவென்று ஓட, மகேஸ் அக்கா போர்வை மடிக்கும் சாக்கில் வாசலில் காவல் நிற்க, விஷயம் வெளியே வந்தது.

அந்த நாட்டில் ஒரு விருந்து. தண்ணீர் இலாகாவின் மேலதிகாரி தனக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறார். மெர்சி துரை சம்மதிக்கிறார். அதற்குப் பதில், மட்டமான வடிகட்டிகளைப் போட்டாலும் இலாகா சோதிக்காது என்று பேச்சு.

"அவன் கேட்டதைப் பிரெஞ்சிலை சொன்னது நான். இவர் ஓமெண்டதை அவன்ரை பாஷையிலை சொன்னதும் நான். எல்லாம் என்ரை வாயாலைதான் போனது, பிள்ளை."

நிலையம் வரப்போவது அவர் கைவிடப்பட்டுக் கிடந்த அதே ஊரில். அங்கே தேநீர்க்கடை வைத்திருந்த ஒரு அம்மா, காசில்லாத அவருக்குத் தினமும் சோறு போட்டிருக்கிறார். அந்த அம்மாவின் பேரப்பிள்ளைகள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கப்போகிறார்கள். வடிகட்டி இன்னும் பொருத்தவில்லை. யாராவது இப்போதே சொன்னால் தடுக்கலாம்.

எனக்கு உடனே பல்ப் எரிந்தது. எங்கள் கம்பெனியின் பங்குகள் அமெரிக்காவிலும் விற்பனையில் இருந்தன. அப்படிப்பட்ட கம்பெனி வெளிநாட்டு அதிகாரிக்கு லஞ்சம் கொடுத்ததை உள்ளே இருப்பவர் யாராவது அமெரிக்க அரசாங்கத்திடம் சொன்னால், அபராதத் தொகை பெரிதாக இருக்கும்போது அதில் ஒரு பங்கை அவருக்கே கொடுப்பார்கள். எந்த நாட்டிலிருந்தும் சொல்லலாம். கேன்டீனில் இதைப் பற்றி ஒருவர் வாய் ஓயாமல் பேசக் கேட்டிருக்கிறேன்.

"அண்ணா! நீங்க சொன்னா பரிசு குடுப்பாங்கண்ணா! பெரிய பணம்!" என்று கத்தினேன். நேரம் பார்த்து உலர்த்தும் எந்திரம் நின்றது. என் குரல் மட்டும் அறையில் சுற்றி வந்தது.

மகேஸ் அக்கா போர்வையைக் கீழே வைத்தார். "காட்டிக்குடுக்கிறதுக்குக் காசோ, தங்கச்சி?"

அப்போதுதான் அந்தக் கழுத்தின் கதையைச் சொன்னார்கள். அவர் பள்ளிக்கூடத்தில் படித்த காலம். ராணுவம் ஊரைச் சுற்றி வளைத்து ஆண்களை வரிசையில் விடும். எதிரே ஒருவன் உட்கார்ந்திருப்பான். தலையில் சாக்கு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. வரிசையில் வருபவரைப் பார்த்து அவன் தலையை ஆட்டினால், அந்த ஆளைப் பிடித்துப் போய்விடுவார்கள். அவனுக்கு ஊரார் வைத்த பெயர் தலையாட்டி. அண்ணை கடந்து போனபோது சாக்கு அசையவில்லை. பின்னால் வந்த, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த சிநேகிதனுக்கு அசைந்தது. அந்தப் பையன் வீட்டுக்குத் திரும்பி வரவே இல்லை.

"அவனுக்கும் காசு குடுத்தவையாம்" என்றார் அண்ணை.

தைலம் கொடுத்ததும், கம்பளிக் குல்லா கொடுத்ததும் வரிசையாக ஞாபகம் வந்தன. அழுகை வந்துவிட்டது எனக்கு.

அதன் பிறகு அவர் தூங்கவில்லை, மகேஸ் அக்காவையும் தூங்கவிடவில்லை. சொன்னால் தலையாட்டி; சொல்லாவிட்டால் அந்தத் தண்ணீர். கடைசியில் அக்காதான் தீர்ப்புச் சொன்னார்.

"இஞ்சேருங்கோ, பயந்துகொண்டே போங்கோ. பயம் போன பிறகு போவம் எண்டால், சுடலைக்குத்தான் போகவேண்டி வரும்."

நாங்கள் தேடிப் போன வக்கீல் அம்மாள் நல்லவர். நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைத் தேற்றுவதற்காக மிக இதமாகச் சொன்னார்: "கவலையே வேண்டாம். உங்கள் பெயர் வெளியே வராது. முகம் தெரியாது. மறைவில் இருந்தபடியே நீங்கள் சொல்லலாம், பரிசும் வாங்கலாம்."

உலகத்தில் வேறு எந்தப் பயந்தாங்கொள்ளியும் இதைக் கேட்டுக் குளிர்ந்திருப்பான். அண்ணை எழுந்தார். "நோ, மெர்சி" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியில் ஓடினார். நான் பின்னாலேயே ஓடித் தெருவில் பிடித்தேன். பனிக்காற்றில் முகமெல்லாம் சிவந்து நின்றார்.

"என்னண்ணா, நல்லதுதானே சொன்னாங்க? யாருக்கும் தெரியாதாம்!"

"ஓம். மூஞ்சையை மூடிக்கொண்டு, காசு வாங்கிக்கொண்டு, தலையை ஆட்டச் சொல்லுறா. அந்தச் சாக்கு எனக்கு வேண்டாம், பிள்ளை. சொல்லுறதெண்டால் என்ரை பேரைச் சொல்லி, மூஞ்சையைக் காட்டித்தான் சொல்லுவன்."

"வேலை போயிடும்ணா!"

"போகும்."

"பயமா இல்லையா?"

"சரியான பயம். கால் ரெண்டும் நடுங்குது, பாரும்."

திரும்பி மேலே போனோம். பெயர் போட்டே ஆக வேண்டும் என்று சண்டை பிடிக்கும் ஆளைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்றார் வக்கீல் அம்மாள்.

அமெரிக்க அதிகாரிகள் கம்ப்யூட்டர் திரையில் வந்து விசாரிக்கும் நாள் வந்தது. பயத்தில் அண்ணைக்குப் பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒருசேர மறந்துபோயின. தெரியாத மொழிபெயர்ப்பாளரை நம்ப மாட்டேன் என்று அடம் பிடித்து, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். என்னுடைய வேலை அனுமதியோ அந்தக் கம்பெனியின் பெயரில் இருந்தது. இரண்டு பேர் முழங்காலும் சேர்ந்து ஆடியதில் மேஜையில் தண்ணீர் தளும்பியது. ஆனாலும் விருந்தில் நடந்ததையெல்லாம் அவர் ஒன்று விடாமல் சொன்னார்.

கடைசியில் ஒரு அதிகாரி திரையில் சில புகைப்படங்களை வரிசையாகக் காட்டினார். சம்மதித்த ஆள் இவர்களில் இருக்கிறாரா என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அண்ணை அந்த வரிசையையே பார்த்தார். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தார், காற்றுதான் வந்தது. ஒவ்வொரு படமாக வந்தது. மெர்சி துரை சிரித்துக்கொண்டிருந்த படம் வந்ததும், கழுத்து அண்ணை தன் வெறும் முகத்தை நிமிர்த்தி, மெதுவாக ஒரு தரம் தலையை ஆட்டினார்.

மொழிபெயர்க்க ஒன்றுமே இல்லை. குரல் திரும்பியதும் அவர் சொன்னது இதுதான்: "தலையாட்டினது ஆர் எண்டு, பேரோடை எழுதச் சொல்லும்."

அமெரிக்கர்கள் விசாரிக்கத் தொடங்கியதும் கம்பெனி பதறியடித்து அந்த ஊருக்கு நல்ல வடிகட்டிகளை அனுப்பியது. மெர்சி துரை ஒருநாள் மெர்சி சொல்லாமலேயே கம்பெனியை விட்டுப் போனார். அண்ணைக்கும் வேலை போனது, மறுசீரமைப்பு என்றார்கள். நான் எப்படியோ வேறு கம்பெனிக்குத் தாவிவிட்டேன். வழக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. பரிசு வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம், எப்படியும் வருடக்கணக்காகும் என்கிறார் வக்கீல். "வந்தால் முதல் வேலையா இந்த மனுசனுக்கு ரெண்டு கிலோ துணிவு வாங்க வேணும்" என்கிறார் மகேஸ் அக்கா.

அண்ணை இப்போது வில்லரே பகுதியில் ஒன்றுவிட்ட தம்பியின் டெப்பனரில், அதாவது தெருமுனைக் கடையில், கல்லாவில் இருக்கிறார். பயம் துளியும் குறையவில்லை. வாசலைப் பார்த்தபடிதான் உட்காருகிறார். முகத்தை மூடும் குல்லாக்களைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும் என்று கதவில் பிரெஞ்சில் எழுதி ஒட்டியிருக்கிறார். வாடிக்கையாளர்கள் அது திருடர்களுக்காக என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நான் இருப்பது நோத்ர-டாம்-த-கிரேஸில். என் வீட்டுக்குக் கீழேயே பால் கிடைக்கும். இருந்தாலும் சனிக்கிழமைகளில் மெட்ரோ பிடித்து, ஊரையே சுற்றிக்கொண்டு, அந்தக் கடைக்குத்தான் போகிறேன். வாசலிலேயே சால்வையை இறக்கி முகத்தைக் காட்டிவிடுவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கழுத்து அண்ணை என்னைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல், ஒரே ஒரு தடவை தலையை ஆட்டுவார்.