காலில் இரண்டு அட்டை

கால் நம்முடையது என்ற நினைப்பெல்லாம் அது சொன்னபடி கேட்கும் வரைதான். எட்டாம் வகுப்பில் பள்ளியை விட்டு ஓடியதிலிருந்து நான் ஓரிடத்தில் நின்றதில்லை. ஏலத்தோட்டம், ஜீப்பு லோடு, துணி வியாபாரம் என்று ஓடிய ஓட்டத்தைப் பக்கவாதம் ஒரே காலையில் நிறுத்தியது. இடது பாதம் தரையில் இழுபட்டது. போடியில் எங்கள் வீட்டுக் கட்டிலும் கழிவறையுமே நான் போய்வரும் ஊர்களாகிவிட்டன. இனி மலையேற முடியாதென்றால் நான் எதற்கு என்றிருந்தது.

பயிற்சி நிலையத்தில் இருந்த பிசியோதெரபிப் பெண், எனக்கு விளங்கட்டும் என்று இங்கிலீஷை ஒதுக்கிவிட்டுச் சொன்னார். "நாளைக்கு முழங்காலுக்குக் கீழ ரெண்டு அட்டை ஒட்டி, லேசா கரண்டு குடுத்து நடக்க வைப்போம்ணே. தலையில ஒரு தொப்பி மாட்டுவோம். நடக்கையில மூளையில எங்க ரத்தம் கூடுதலா ஓடுதுன்னு டிவியில தெரியும்."

அட்டை! (மலையில் வேலை பார்த்தவன் இந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் தன் காலைத்தான் பார்ப்பான். மழைக்காலத்தில் ஏலச்செடிக்குள் நுழைந்தால் வேட்டிக்குள் ஏறி ரத்தம் குடிக்கும்; உப்பு வைத்தால்தான் விடும்.) கெட்ட ரத்தம் எடுக்க அட்டை விடும் வைத்தியம் கேள்விப்பட்டதுதான். கடித்ததைக் கழற்றுவதற்கே கரண்டு என்று நானாக முடிவு கட்டினேன். விஞ்ஞானம் எவ்வளவு தூரம் போய்விட்டது!

மறுநாள், அட்டை அதிகம் கடிக்காமலிருக்க, தோட்டத்து வழக்கப்படி வேப்பெண்ணெயில் புகையிலைத் தூளைக் குழைத்துக் காலில் அப்பிக்கொண்டேன். (அட்டை ஒட்டட்டும், அளவாகக் குடிக்கட்டும்.)

"ஆஸ்பத்திரிக்குப் போறீகளா, களையெடுக்கப் போறீகளா?" என்றாள் என் மனைவி செல்வி.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. வெரசா வா."

அந்தப் பெண் மூக்கைச் சுளித்தபடி காலைத் துடைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஈரமாக, குளிர்ச்சியாக இரண்டு ஒட்டின. கம்பியைப் பிடித்து நடந்தேன். சுருக்கென்றது. கண்ணைத் திறந்தால், கறுப்பாக ஒன்று துடைத்தும் மிஞ்சிய எண்ணெயில் வழுக்கிக் கணுக்காலை நோக்கிப் போகிறது.

"எறங்குது! உப்பைக் கொண்டா!"

கம்பியை விட்டுவிட்டேன். தொப்பி, ஒயர், பிசியோதெரபி எல்லாம் என்னோடு தரைக்கு வந்தன.

"உப்பு எதுக்குண்ணே?" என்றார் அந்தப் பெண், தரையிலிருந்தே.

செல்விக்குத்தான் விளங்கியது. "அட்டைன்னு சொன்னீகளாம்மா? போச்சு போங்க!" அவள் சிரித்த சிரிப்பில், நடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

சோப்புப் போட்டுக் கழுவி, அந்த ரப்பர் துண்டுகளை மறுபடி ஒட்டினார்கள். செத்துக் கிடந்த பாதம், யாரோ கயிறு கட்டி இழுத்தது போல மேலே எழும்பியது. டிவியில் வெறும் நீலம்.

"இப்ப கரண்டுதான் தூக்குது. நீங்களும் சேந்து தூக்குங்கண்ணே."

வழுக்குப் பாறையைத் தாண்டுவதாக நினைத்துத் தூக்கினேன். உச்சியை ஒட்டி, வலது பக்கத்தில், நீலத்துக்குள் மெல்ல ஒரு சிவப்பு பரவியது. இடது காலுக்கு வலது மூளைதான் சொல்ல வேண்டுமாம். மறுபடி தூக்கினேன். மறுபடி சிவந்தது. நடக்க வேண்டும் என்ற என் ஆசைக்கு ஒரு நிறம் இருந்தது. அதை நானே பார்த்தேன். (என் தலைக்குள் ஒன்றுமில்லை என்றுதான் வாத்தியார்கள் சொல்லியிருந்தார்கள்.) செல்வி சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

பிறகு அந்தப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டாள். "ஏம்மா, வீடு தங்கணும்கிற புத்தி எந்தப் பக்கம் இருக்கு? அங்கயும் கொஞ்சம் கரண்டு குடுங்களேன்."

அதற்கு மிஷின் இல்லையாம். இப்போது லேசாக விந்தி நடக்கிறேன். நான் செருப்பைத் தேடினாலே செல்வி மகளிடம் சத்தமாகச் சொல்வாள்: "ஒங்கப்பாவுக்குச் செவந்துருச்சுடீ."

பதில் சொல்ல நேரமில்லை. மலையேறும் போடிமெட்டு பஸ்சு எனக்காக நிற்காது.