பத்து கேபிள் டை

விரித்த மாத்திரத்தில் புதுக்குடை தலைகீழாகப் புரட்டிக்கொண்டது.

"கெளம்பிடலாமாங்க?" என்றாள் சத்யப்பிரியா.

"இன்னாத்துக்கு? கடல்னா காத்து அடிக்கத்தான் செய்யும்," என்றான் டில்லிபாபு.

ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நிற்பவன் அவன். நாலு ஞாயிற்றுக்கிழமைகளை ஓ.டி. விழுங்கிவிட்டது. மூன்றாவது படிக்கும் மகள் கவியா, அலையில் கால் நனைக்கப் போவதாக வகுப்பில் நாலு முறை சொல்லி, நாலு முறையும் கேலிக்கு ஆளாகியிருந்தாள். இன்று அவள் கால் நனையாமல் வடக்குப்பட்டு வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று வண்டியை எடுக்கும்போதே முடிவு செய்திருந்தான்.

"ப்பா, தண்ணிக்குப் போலாமா?"

"மொதல்ல சாப்புடு. அப்புறம் இருட்டுற வரைக்கும் ஆடு," என்றாள் சத்யப்பிரியா.

சாப்பிட நிழல் வேண்டுமே. ஆயுத பூஜைக்கு லைனில் கட்டிக் கழற்றிய சிவப்புத் துணி ஒன்று பைக்குள் கிடந்தது. நாலு கழி தேடி நட்டு, அதைப் பந்தலாகக் கட்டினான். கையைத் தட்டிக்கொண்டு உட்காருவதற்குள் துணி பிய்த்துக்கொண்டு வந்து, சாம்பார்த் தூக்கைக் கவிழ்த்து, அதிலேயே புரண்டு எழுந்தது.

"தயிர் சோறு கீது. துன்னுட்டுக் கெளம்பலாம்."

"கெளம்பற பேச்சே எடுக்காத."

குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் கேனைக் கவிழ்த்துத் துணியை அலசினான். பிறகுதான் கேன் காலியானது தெரிந்தது. சத்யப்பிரியா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அது போதாதா?

துணி காய வேண்டும். படகோரம் ஒரு நெட்டை மூங்கில் கிடந்தது. கம்பெனியில் ஒயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகளால் அதன் நுனியில் துணியைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி பறித்து நட்டான். பக்கத்தில் மாங்காய் விற்றுக்கொண்டிருந்த செல்லம்மாள் வேடிக்கை பார்த்தாள்.

"ஆறு கேபிள் டை போட்டுக்கீறேன். பொயலே வந்தாலும் அவுந்துக்காது," என்று அவளிடமே பெருமையாகச் சொன்னான்.

மணலும் தயிருமாகச் சாப்பிட்டு முடித்து, கவியா அலையைப் பார்த்து ஓடினாள். பத்தடி போவதற்குள் விசில் காதைக் கிழித்தது.

"எல்லாரும் கரையேறுங்க," என்று போலீஸ்காரர் கையை வீசினார். "பாப்பா, எறங்காத."

"காலு மட்டும் நனைச்சுக்கட்டும் சார்."

"அபாயக் கொடி ஏத்திட்டாங்கப்பா. அது எறங்குற வரைக்கும் யாரும் எறங்கக் கூடாது."

டில்லிபாபு மகளைக் கைப்பிடித்துத் திருப்பினான். பத்து வருஷப் பழக்கம்.

"லைன்ல செவப்பு லைட்டு எரிஞ்சா கைய எடுத்துடணும் பாப்பா. ஏன்னு கேக்கக் கூடாது. அத்தப் பாக்க ஆளு கீறாங்க."

"எப்பப்பா எறங்கும்?"

"எறங்கும். எறங்குற வரைக்கும் நாம இங்கயேதான் இருப்போம்."

ஒரு மணி நேரம் போனது. இன்னொன்றும் போனது. கரை முழுக்கக் குடும்பம் குடும்பமாகத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஜனங்கள் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இதற்கிடையில் துணி கொஞ்சம் தளர்ந்தது. சும்மா இருப்பானேன் என்று மூங்கிலைச் சாய்த்து, இன்னும் நாலு கேபிள் டை போட்டு மறுபடி நட்டான். போலீஸ்காரர் அந்தப் பக்கமே பார்த்துவிட்டு, விசிலை மறுபடி வாயில் வைத்தார்.

கவியா கேட்பதையே நிறுத்திவிட்டாள். காய்ந்த பாதங்களை நீட்டி மணலை அள்ளி அள்ளிப் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். வெயில் தாழ்ந்துவிட்டது. விடிந்தால் முதல் ஷிப்டு, அதற்கப்புறம் எந்த ஞாயிறு கிடைக்குமோ தெரியாது. யார் காலில் விழுந்தாவது கொடியை இறக்கிவிடுவது என்று டில்லிபாபு எழுந்தான்.

"ஏம்மா," என்றான் செல்லம்மாளிடம். "இந்தக் கொடிய எறக்கணும்னா எந்த ஆபீஸ்ல போய்க் கேக்கணும்?"

அவள் மாங்காயை அறுப்பதை நிறுத்தினாள். மூங்கில் உச்சியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"ஆபீஸ் எதுக்குப்பா? கட்டுனவன் நீதானே, நீயே எறக்கேன்."