வில்வீணையும் மத்தியானக் கொடையும்

பட்டியல் போட்டுச் செய்யும் வேலை தவறாது என்று இருபது வயதுவரை நம்பியவள் நான். அந்த நம்பிக்கை இலஞ்சிப் பக்கத்து மாடன் கோயிலில், ஆடி மாதக் கொடைத் திருவிழாவின் மத்தியானக் கொடையில் போயிற்று.

தென்காசியில் என் சித்தப்பா வில்லுப்பாட்டுக் குழு வைத்திருந்தார். அந்தக் கோயிலில் அவருக்கு அது முதல் ஆண்டு. பிடித்துப்போனால் அடுத்த ஆண்டும் கூப்பிடுவார்கள். இல்லையென்றால் வாய்ப்பு சுரண்டைக் குழுவுக்குப் போய்விடும். ரேடியோ டிப்ளமோ படித்துக்கொண்டிருந்த நான் சும்மா இருப்பேனா? (இருந்திருக்கலாம்.) சித்தப்பாவின் வில்லில் இரண்டு வீணைக் கம்பிகள், அவற்றை முறுக்க இரண்டு பிருடைகள், ஒலியைப் பிடிக்கப் பழைய டெலிபோன் ரிசீவர் ஒன்று, எல்லாவற்றையும் பூட்டி மைக் செட்டோடு இணைத்தேன். பெயர் வில்வீணை. சோதனைப் பட்டியலில் பதினொரு வரிகள். சாரலில் நனைந்தால் என்ன செய்வது என்றுகூட எழுதியிருந்தேன். சாமியாடியைப் பற்றி ஒரு வரி இல்லை.

வணக்கம் பாடிவிட்டுச் சித்தப்பா வீசுகோலால் வில்லைத் தட்டினார். தென்னையில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி எங்களைப் பார்த்தே இருந்தது. அதன் சத்தம் ரிசீவருக்குள் திரும்ப நுழைந்ததும் நூறு நரி சேர்ந்தாற்போல ஓர் ஊளை.

சாமியாடி ஓய்வுபெற்ற போலீஸ்காரர். கோயிலுக்குப் பின்னால் சாமியாடும் அரைக்கால் உடையான சல்லடத்தைக் கட்டிக்கொண்டிருந்தவர், ஒரு காலை மட்டும் நுழைத்த கோலத்தில் குதித்து வந்தார்.

"ஏட்டி, கதையில மாடன் இன்னும் பொறக்கவே இல்ல. அதுக்குள்ள ஆடுதாரே" என்றார் சித்தப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"நிறுத்துங்க சித்தப்பா."

"சாமி ஆடும்போது வில்ல நிறுத்தக் கூடாதுட்டி. ஒன் கழுதைய நீ நிறுத்து."

மைக் செட்காரரோ சுவிட்சை மறைத்தபடி விழுந்து கும்பிட்டுக் கிடந்தார். தட்டத் தட்ட ஊளை. ஊளைக்கு ஊளை சாமிக்கு வேகம். மாடன் பிறந்து, வளர்ந்து, வரம் வாங்கும் இரண்டு மணி நேரக் கதையைச் சித்தப்பா ஏழு நிமிடத்தில் பாடினார். குடம் அடிப்பவர் தாளத்தைக் கைவிட்டு என்னையே பார்த்தார். நான் வயரைப் பிடுங்கினேன்.

அமைதி. சித்தப்பாவின் கோலும் அந்தரத்தில் நின்றது. சாமி நேரே என்னிடம் வந்தது.

"யாருட்டி நிப்பாட்டுனது?"

"நாந்தான்."

"இத்தன வருசத்துல என்னய ஒருத்தனும் இப்பிடிக் கூப்பிடல. வருசா வருசம் இந்தச் சத்தம் வேணும். நீயும் வரணும்."

சாமி வாக்கை மாற்ற யாரால் முடியும்? சித்தப்பாவுக்கு அந்தக் கோயில் நிலைத்தது. எனக்கு விடுதலை இல்லை. கல்யாணமாகிச் செங்கோட்டைக்கு வந்த பிறகும் ஆடி பிறந்தால் ரிசீவரைத் துடைத்து எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்கெல்லாம் என் மாமியார் சொல்லும் பதில் ஒன்றுதான்:

"ஊருல மருமவளுவ ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போவாளுவ. எம் மருமவ ஊளை விடப் போறா."