செவ்வரத்தைக்குக் கீழே ஒரு கோழி

நோய் வருத்தம் வந்தால் சுகமாக வேண்டும் என்றுதான் உலகத்தார் நினைப்பார்கள். இரத்தினசிங்கம் அப்படிச் சாதாரண மனிதர் அல்லர். தன் வருத்தம் ஒருபோதும் சுகமாகக் கூடாது என்று அவர் தீர்மானித்திருந்தார்.

கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி சோம்பிப்போய்விட்டது என்று டொக்டர் ஆதிலா முதன்முதல் சொன்னபோது அவர் உண்மையிலேயே வாடித்தான் போயிருந்தார். ஓயாத களைப்பு, குளிர், முகமெல்லாம் வீக்கம். மனைவி புஷ்பவதி பயந்துவிட்டாள். தேங்காய் துருவுவது, சந்தைக்குப் போவது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது என்று எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள். துறைமுகக் களஞ்சியத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற மனிதருக்கு, ஓய்வு என்றால் என்னவென்று அப்போதுதான் விளங்கியது. சாய்மனைக் கதிரை, கடற்காற்று, "பாவம், அந்த மனிசனுக்கு ஏலாது" என்ற அயலாரின் அனுதாபம். இதையெல்லாம் டொக்டர் எழுதித் தந்த ஒரு மருந்துக் குளிசைக்காக யார் இழப்பார்கள்?

ஆபத்து சல்லிக் கிராமத்திலிருந்து வந்தது. புஷ்பவதியின் அண்ணன் சிவகுருநாதனுக்கு அங்கே கடற்கரையில், மீன்பிடி வள்ளக்காரருக்கு ஐஸ் கொடுக்கிற வாடிக் கொட்டகை இருந்தது. விடியப்புறம் நின்று கணக்குப் பார்க்க நம்பிக்கையான ஆள் தேடினார். இவருக்கு இரத்தப் பரிசோதனை சரிவந்த அடுத்த நாளே அனுப்பிவைக்கிறேன் என்று புஷ்பவதி கணவனை வைத்துக்கொண்டே வாக்குக் கொடுத்துவிட்டாள். விடியப்புறம், ஐஸ், மச்சான். மூன்றில் ஒன்றைக்கூட இரத்தினசிங்கத்தால் தாங்க ஏலாது.

குளிசையை வெறும் வயிற்றில் போட வேண்டும். பிறகு ஒரு மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணீர்கூடக் கிடையாது. புஷ்பவதி முன்னால் நின்றே கொடுப்பாள். அவர் அதை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, தண்ணீரை மடமடவென்று குடித்து, வாயைத் திறந்தும் காட்டுவார். பிறகு பூக்கூடையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போவார். சாமிக்குச் செவ்வரத்தம்பூ ஆய்கிற பக்தியில் குனிந்து, வேலியோரம் துப்பிவிடுவார். கோயிலிலிருந்து கோணேசப் பெருமான் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார், ஒன்றும் சொல்லவில்லை.

பலன் கைமேல் கிடைத்தது. ஒவ்வொரு பரிசோதனையும் முந்தியதைவிட மோசமாக வந்தது. டொக்டர் குளிசையின் அளவை ஐம்பது மைக்ரோகிராமிலிருந்து எழுபத்தைந்தாக்கினார், அடுத்தமுறை நூறாக்கினார். துறைமுகத்தில் கடைசிவரை கிடைக்காத பதவி உயர்வு தைரொயிட்டில் கிடைத்தது. "இப்ப நூறில நிக்கிறன்" என்று கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லித் திரிந்தார்.

ஒரு காலை பக்கத்து வீட்டுப் பஸ்மியா வேலியால் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, எங்கட கோழிக்கு என்னமோ பிடிச்சிட்டு. அடையில வெச்சா இருக்குதில்ல. முட்டையை விட்டுட்டு ஓடித் திரியுது. உடம்பும் வத்திப்போச்சு."

"எங்க மேயுது?" என்று புஷ்பவதி கேட்டாள்.

"வேறெங்க? விடிஞ்சா உங்கட செவ்வரத்தைக்குக் கீழதான்."

கோழிக்குக் கண்ணூறு பட்டிருக்கும் என்று கதிரையிலிருந்தபடியே இரத்தினசிங்கம் வைத்தியம் சொன்னார். புஷ்பவதி செவ்வரத்தையைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்பதை இத்தனை வருடக் குடித்தனத்திலும் அந்த மனிதர் படிக்கவில்லை.

அன்று பகல் அவள் தனியே டவுனுக்குப் போய்வந்தாள். மறுநாளிலிருந்து கவனிப்புக் கூடிவிட்டது. குளிசையை அவளே எடுத்துவந்து அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். எவர்சில்வர் தம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்து, ஒரு சொட்டும் மிச்சம் விடக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை என்றாள். குளிசை இப்போது நாக்கில் மெல்ல இனித்தது. கெட்டித்தனத்தின் ருசி அப்படித்தான் இருக்கும் என்று இரத்தினசிங்கம் எடுத்துக்கொண்டார்.

ஆனால் உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. சேவல் கூவ முதல் விழிப்பு வந்தது. கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் தன்னை அறியாமலே அரைத் தேங்காயைத் துருவி முடித்துவிட்டு, யாரும் கண்டார்களோ என்று திடுக்கிட்டு எழும்பினார்.

அடுத்த பரிசோதனை வந்தது. டொக்டர் ஆதிலா முகம் மலர்ந்துபோனார்.

"நல்லா வந்திருக்கு, ஐயா. இனி இந்த ஐம்பதிலயே இருங்க."

"நூறெல்லோ, டொக்டர்?"

டொக்டர் புஷ்பவதியைப் பார்த்தார். புஷ்பவதி மேலே சுற்றுகிற மின்விசிறியைக் கவனமாகப் பார்த்தாள்.

ஓட்டோவில் ஏறியதும் இரத்தினசிங்கத்தால் பொறுக்க முடியவில்லை. றிப்போட் பிழை என்றார். வேறு யாருடையதோ மாறி வந்துவிட்டது என்றார். ஏன் என்று புஷ்பவதி அமைதியாகக் கேட்டாள்.

"இஞ்சேரும், குளிசையை விழுங்காத மனிசனுக்கு எப்பிடிச் சரிவரும்?"

வாயைவிட்டு வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது.

"தெரியும்," என்றாள் புஷ்பவதி. "நீங்கள் துப்பின மருந்தைத்தான் பஸ்மியாவின்ர கோழி திண்டதெண்டு விளங்கின நாளிலயிருந்து, நீங்கள் துப்பினது ஹோமியோபதிக் கடைச் சீனிக்குளிசை. மருந்து தம்ளர் தண்ணியில கரைஞ்சிருந்தது. அதை ஒரு சொட்டும் விடாமக் குடிச்சனீங்கள். முந்தி ஒண்டுமே உடம்பில சேரேல்ல, அதால ஐம்பதிலயே துவங்குவம் எண்டு டொக்டர்தான் சொன்னவ." அவள் றிப்போட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "ஐம்பது நூறாகேக்க நான் எவ்வளவு பயந்தனான் தெரியுமே? கோயில் கோயிலா நேத்தி வைச்சனான்."

இரத்தினசிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. உண்மையாகவே வெட்கமாக இருந்தது. ஆனால் ஐஸ் வாடியை நினைத்தபோது வெட்கம் ஒதுங்கி வழிவிட்டது. முகத்தைப் பழையபடி வாடவிட்டு, மெல்ல இருமினார்.

"எண்டாலும் புஷ்பம், வேலைக்குப் போற அளவுக்கு உடம்பு இன்னும் தேறேல்லை..."

"பஸ்மியாவின்ர கோழிக்கே சுகம் வந்து, அது தன்ர வேலைக்குப் போயிட்டுது," என்றாள் புஷ்பவதி. "அண்ணன் நாளைக்கு விடியப்புறம் மோட்டச்சைக்கிளில வாறார், வெளிக்கிட்டு நில்லுங்கோ."