ஃபயர் ஆபீஸர் பார்த்த கட்டடம்

“சனிக்கிழமை காலையில ஃபயர் ஆபீஸர் கட்டடத்தப் பாக்க வர்றாரு வாத்தியாரே. கொஞ்சம் சுத்தமா வெச்சிக்குங்க” என்று சொல்லிவிட்டு, கட்டடத்துச் சொந்தக்காரர் பூவராகன் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார். எலியேசர் சார் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக ஒடிந்தது.

மனிதர் பயந்ததில் நியாயம் இருந்தது. போன மாதம் எங்கோ ஒரு சினிமாக் கொட்டகையில் தீப்பிடித்ததிலிருந்து பஞ்சாயத்து ஆபீஸில் பியூன்கூடச் சட்டம் பேசினான். கூட்டம் சேரும் இடமென்றால் சிவப்பு வாளியில் மணல் வேண்டும், எந்நேரமும் தண்ணீர் வேண்டும், ஓடித் தப்பிக்க அகலமான வாசல் வேண்டும். ஒன்று குறைந்தாலும் பூட்டுதான் என்று பேச்சு.

எலியேசர் சாரிடம் கூட்டம் மட்டும்தான் இருந்தது. பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய பழைய லாரி ஷெட் ஒன்றில் அவர் ‘பெத்தேல் டுடோரியல் காலேஜ்’ நடத்திவந்தார். காலேஜ் என்பது போர்டில்தான். உள்ளே, தகரக் கூரையின் கீழ், எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டைவிட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்து அல்ஜீப்ராவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மிஷன் ஸ்கூல் ஹெட்மாஸ்டரோடு சண்டை போட்டு, நிரந்தர வேலையை உதறிவிட்டு வந்தவர் எலியேசர் சார். இந்த ஷெட்டைப் பூட்டினால் வீட்டில் உலை ஏறாது. செப்டம்பர் பரீட்சை வேறு வந்துகொண்டிருந்தது. அவரையே நம்பி மூன்றாவது தடவையாக எழுதப்போகிறவர்களை நடுத்தெருவில் விட அவருக்கு மனம் வரவில்லை.

முதலில் வாளி. கடையில் சிவப்பு வாளி கிடைக்காததால், வீட்டிலிருந்த வாளிகளையெல்லாம் தூக்கிவந்து பெயின்ட் அடித்தார்.

“குளிக்கிறதுக்கு ஒண்ணாவது விட்டு வைங்க” என்றாள் அவர் மனைவி கிருபா.

“ஷெட்டப் பூட்டிட்டா, குளிச்சிட்டு எங்க போகப்போறோம்?” என்றார் அவர்.

அவசரத்துக்கு வாங்கிய பெயின்ட் காயவே காயாத ஜாதி. இரண்டு நாள் கழித்துத் தொட்டாலும் விரலில் ஒட்டியது. மணலைக் கொட்டி வைத்ததும் பேட்டையிலுள்ள பூனைகளெல்லாம் தங்களுக்காகத்தான் இந்த ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டன. காலையில் வந்து மணலை மாற்றுவது எலியேசர் சாருக்குத் தனி வேலையாகிவிட்டது.

அடுத்தது வாசல். லாரி போய்வந்த காலத்து வாசலில் நடுவே ஒரு தூணை எழுப்பிப் பாதியை அடைத்து வைத்திருந்தார் பூவராகன். சுவரில் ஓர் ஆணி அடித்தாலே ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் மனிதர். அவரிடம் தூணை இடிக்கட்டுமா என்று எப்படிக் கேட்பது? மென்று விழுங்கிக் கேட்டபோது, “தாராளமா இடிங்க, நல்லா அகலமா எடுங்க” என்றதோடு தன் கொத்தனாரையும் அனுப்பிவைத்தார். ஆபத்து வந்தால்தான் மனிதனுடைய நல்ல குணம் தெரிகிறது என்று எலியேசர் சார் கிருபாவிடம் சொல்லி நெகிழ்ந்துபோனார்.

தூண் போயிற்று, அதோடு கதவும் போயிற்று. அன்றுமுதல் ஜி.எஸ்.டி. ரோட்டில் திரிந்த மாடுகள் அட்மிஷன் இல்லாமலே உள்ளே வந்தன. ஓர் எருமை, சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தில் ஆப்பிரிக்காவைத் தின்று தீர்த்துவிட்டது. கதவில்லாத பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஆபீஸர் என்ன சொல்வாரோ என்ற கவலையில் எலியேசர் சாருக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு ஜெபசீலன் வந்தான். மவுண்ட் ரோட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. தினமும் மின்சார ரயிலில் போய்வருவதால் உலகம் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியிருந்தான்.

“எங்க ஆபீஸ்ல சீலிங் பூரா பைப் ஓடுது அண்ணா. தீப்பிடிச்சா அந்தச் சூட்டுல தானாத் திறந்து மழையாக் கொட்டும். ஸ்ப்ரிங்க்ளர்னு பேரு. இனிமே அது இருந்தாத்தான் ஆபீஸருங்க கையெழுத்தே போடுவாங்களாம்” என்றான்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். எலியேசர் சார் மிஷன் ஸ்கூலில் சயின்ஸ் எடுத்தவர். ஷெட்டுக்குப் பின்னால், கிணற்றை ஒட்டி மேடை கட்டிப் பெரிய இரும்புத் தொட்டி ஒன்றை ஏற்றினார். அதிலிருந்து கூரையின் அடியில் பைப்பை ஓட்டி, நெடுகத் துளை போட்டார். சூட்டில் அது தானாகத் திறக்கவேண்டுமே? கிறிஸ்துமஸுக்கு எரித்து மிஞ்சிய மெழுகுவர்த்திகளை உருக்கி ஒவ்வொரு துளையையும் அடைத்தார். தீப்பிடித்தால் மெழுகு உருகும்; உருகினால் தண்ணீர் கொட்டும். எதையும் லேசில் ஒத்துக்கொள்ளாத கிருபாவே, மூளைதான் என்று ஒத்துக்கொண்டாள்.

ஆனால் பெருங்களத்தூர் தகரக் கூரைக்கு அடியில் மெழுகு உருக நெருப்பே தேவையில்லை என்பது வெள்ளிக்கிழமை மத்தியானம் தெரிந்துபோயிற்று. ஒரு துளை திறந்துகொண்டு, பாவம், இருப்பதிலேயே சாதுவான மாணவன் தலையில் ஊற்றியது. எலியேசர் சார் ஏணியில் ஏறி இன்னும் கொஞ்சம் மெழுகை அப்பினார். கழற்றிப் போட நேரமில்லை. ஆபீஸர் வெயில் ஏறுவதற்குள் வந்து போய்விட்டால் பிழைத்தோம் என்று அன்று முழங்கால்படியிட்டு ஜெபம் பண்ணினார்.

ஆபீஸர் காலையில் வரவில்லை. வெயில்தான் வந்தது. மாணவர்கள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். எலியேசர் சார் ஒரு கண்ணைக் கரும்பலகையிலும் ஒரு கண்ணைக் கூரையிலும் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார். தகரம் சூடேறிச் சடசடக்கும்போதெல்லாம் அவர் கையில் எழுத்து கோணியது.

உச்சி வெயிலில் பூவராகனின் சைக்கிள் முன்னே வர, சிவப்பு ஃபயர் என்ஜின் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து திரும்பியது. தூணில்லாத வாசலில் நுழைந்து ஷெட்டுக்குள்ளேயே வந்து நின்றது. மாணவர்கள் பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள்.

ஆபீஸர் இறங்கினார். வணக்கத்துக்குத் தலையை மட்டும் அசைத்தார். டேப்பைப் பிடிக்கச்சொல்லி வாசலின் அகலத்தை அளந்தார். கூரையின் உயரத்தைக் கண்ணால் எடைபோட்டார். கிணற்றை எட்டிப் பார்த்தார். திரும்பும்போது வாளி ஒன்றைத் தொட்டார், உள்ளங்கை சிவந்தது. கையைப் பார்த்தார், எலியேசர் சாரைப் பார்த்தார், கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

“கூரை ஒழுகுமா?” என்று அண்ணாந்தார் ஆபீஸர்.

பதில் கூரையிலிருந்தே வந்தது. முதல் மெழுகு அவர் தோளில் விழுந்தது. அதன் பின்னாலேயே தண்ணீர். அப்புறம் பைப் நெடுகத் திறந்துகொண்டு கொட்டியது. மாணவர்கள் நோட்டுகளைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். எலியேசர் சார் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாம் முடிந்தது என்று தெரிந்துவிட்டது. இனி யாரிடம் போய் வேலை கேட்பது? மிஷன் ஸ்கூல் ஹெட்மாஸ்டரின் சிரிப்பு கண்முன்னே வந்தது. அழுகை முட்டியது. நல்லவேளை, முகம் ஏற்கெனவே நனைந்திருந்தது.

ஆபீஸர் தொப்பியைக் கழற்றிப் பிழிந்தார்.

“டேங்க் எவ்வளவு பிடிக்கும்?”

“ஐந்நூறு காலன் சார்.”

“கோடையில கிணறு வத்துமா?”

“இதுவரைக்கும் வத்தினதில்ல சார்.”

ஆபீஸர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. “திருப்தி. ரொம்ப திருப்தி” என்றார். பூவராகன் அவரைத் தன் வீட்டுக்குக் காபி சாப்பிட அழைத்துக்கொண்டு போனார்.

எலியேசர் சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடிவந்த கிருபாவிடம் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்பதைத் தவிர அவரால் வேறு பேசமுடியவில்லை. வெளியே நின்ற மாணவர்களைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து ஸ்பெஷல் கிளாஸ் என்று அறிவித்தார். இனி எந்தக் கொம்பனாலும் இந்த இடத்தைப் பூட்டமுடியாது, சர்க்காரே திருப்தி என்று சொல்லிவிட்டது என்றார். அவர் இத்தனை சத்தமாகச் சிரித்து மாணவர்கள் பார்த்ததே இல்லை.

என்ஜின் டிரைவர் சின்னதம்பி மட்டும் ஷெட்டுக்குள் நின்று வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். சந்தோஷத்தில் எலியேசர் சார் தன் கையாலேயே அவனுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தார். அவன் டீயை உறிஞ்சிக்கொண்டே ஷெட்டை நான்கு பக்கமும் ஆற அமரப் பார்த்தான்.

“டீ சோக்கா கீது சார். ஆமா, நீங்கோ எப்போ காலி பண்றீங்கோ? எங்க ஸ்டேஷன் கொட்டாய் எரிஞ்சி போனதுலேர்ந்து வண்டிய மரத்தடியில வுட்டுகினு ஒரே பேஜாரா கீது.”