ஆறுதந்தியார் சொன்னால் சரி

ஓர் உத்தரவாதம் தருகிறேன். இது முடிவதற்குள் நீங்கள் சிரித்துவிடுவீர்கள். ஆனால் இப்போது இல்லை. உதட்டை மூடுங்கள். முதலில் எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்புறம் அம்மாவின் பரீட்சை. அப்புறம் ஒரு கிட்டார்காரர். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் வாளி. சிரிப்பு வாளிக்குள் இருக்கிறது. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள். நான் ஐந்து வாரம் அப்படித்தான் இருந்தேன்.

எனக்குப் பதினைந்து வயது. யார் குரலைக் கேட்டாலும் அது என் தொண்டையில் வந்து குடியேறிவிடும், வாடகை இல்லாமல். ஒருநாள் மாடியில் நின்று மேல்வீட்டு அத்தை குரலில், "மோட்டார நிறுத்துங்கப்பா, தொட்டி வழியுது!" என்றேன். காவலாளி ஓடிப்போய் நிறுத்தினார். அத்தை குளித்துக்கொண்டிருந்தார், பாவம். தலை முழுக்க நுரை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். கீழே நின்று காதைச் சாய்த்தால் எட்டாவது மாடியில் உருளை தேய்ந்திருப்பது தெரிந்துவிடும். அப்படிப்பட்ட காதை அவர் வீட்டுக்கு வந்ததும் ஒரே ஓர் இசைத்தட்டுக்குத் தாரைவார்த்திருந்தார். அதன் பெயர் 'கோணல் மழை'.

நாற்பது வருடம் கிட்டார் வாசித்த ஒரு பெரியவர், தன் அறுபத்தோராவது வயதில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போட்ட ஆல்பம் அது. ஜாஸும் ராக்கும் கலந்தது. பாட்டு உண்டு, பாடுகிறவர் கிடையாது. ராக் ரசிகர்கள் "இது ஜாஸ்" என்று அந்தப் பக்கம் தள்ளினார்கள். ஜாஸ் ரசிகர்கள் "இது ராக்" என்று இந்தப் பக்கம் தள்ளினார்கள். ரெண்டு பேருக்கும் நடுவில் விழுந்து கிடந்ததை எங்கள் அப்பாதான் தூக்கி நிறுத்தினார். போனில் ஒரு ரசிகர் குழு தொடங்கினார். உறுப்பினர்கள் எட்டுப் பேர். அதில் ஒருவர் வானிலைச் செய்தி வரும் என்று நினைத்துச் சேர்ந்தவர். வெளியேற வெட்கப்பட்டு அப்படியே இருந்துவிட்டார்.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அப்பா கரண்டியை உயர்த்தினார்.

"முடிவு பண்ணிட்டேன். ஆறே வாரம். இந்த ஆல்பத்தப் பத்தி ஒரு கட்டுரை எழுதப் போறேன். படிக்கிறவன் பாதியிலேயே அழுதுகிட்டு எழுந்து ஓடணும்."

"எங்க ஓடணும்?" என்றேன்.

"இந்த ஆல்பத்தத் தேடிடீ!"

அம்மா தண்ணீர்க் குவளையை வைத்தாள். "என்னங்க, எனக்கும் ஆறே வாரம்தான்."

அம்மா மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். கூடத்தின் தலைமைப் பதவி காலி. அதற்குப் பரீட்சை. இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் நூலிழையில் போயிற்று. மூன்று முறைக்கு மேல் எழுத விடமாட்டார்கள். இது மூன்றாவது.

"சாயங்காலம் ரெண்டு மணி நேரம் புத்தகத்தோட உக்காரணும். சமையல், பாத்திரம், துணி எல்லாம் நீங்க பாத்துக்கிட்டா போதும்."

"அட, இத ஒரு விஷயம்னு கேக்கறியே! நீ படி. ராணி மாதிரி உக்காந்து படி. மொத்த வீடும் என் பொறுப்பு." அப்பா நாற்காலியில் சாய்ந்தார். "இந்தப் பக்கம் மட்டும் முடிஞ்சிடட்டும்."

இசைத்தட்டுக்கு இரண்டு பக்கம். இந்தப் பக்கம் முடிந்தால் அந்தப் பக்கம். அந்தப் பக்கம் முடிந்தால், அதுதான் இப்போது இந்தப் பக்கம். இப்படியே ஒரு வாரம் ஓடியது. பாத்திரத் தொட்டி ஒரு மலைத்தொடர் ஆனது. அம்மா ஒரு கையில் புத்தகமும் ஒரு கையில் கரண்டியுமாக நின்று, ரத்த அணுக்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

"உங்கப்பா நான் சொன்னா கேக்க மாட்டார்," என்றாள் அடுக்களையில் என்னிடம். "யார் சொன்னா கேப்பார்?"

"இந்த ஆல்பத்த அவரவிட ஜாஸ்தி தெரிஞ்சவங்க சொன்னா கேப்பார்."

"அப்படி யாராவது இருக்காங்களா?"

"உலகத்துலயே இல்லம்மா."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப அப்படி ஒருத்தர நாமதான் செஞ்சுக்கணும்."

ஆயுதங்கள் திரண்டன. அம்மாவின் பழைய போனில் கிடந்த, யாருக்கும் தெரியாத ஓர் எண். ஆல்பம் வேறெங்கும் கிடைக்காது என்பதால் அப்பா தட்டைப் போட்டபோதே நான் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தேன். அம்மா அதைப் பேருந்தில் போகும்போதும் வரும்போதும் காதில் மாட்டிக் கேட்டு, வசனம் எழுதினாள். குரல் என் இலாகா. இரண்டு கன்னத்திலும் பஞ்சு. தலை, வாளிக்குள். சிரிப்பு இங்கேதான் என்று சொன்னேன் அல்லவா? இன்னும் கொஞ்சம் பொறுங்கள், வாளி எதிரொலிக்கிறது.

குழுவில் புது உறுப்பினர் சேர்ந்தார். பெயர், ஆறுதந்தியார். வந்ததும் ஒரு குரல் செய்தி.

"தம்பீ... மூன்றாவது பாட்டு ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவனுக்கு அது பிடிபடாது. இரண்டு கைகளும் வெதுவெதுப்பான நீரில் இருக்க வேண்டும். வட்டமான பொருள் ஒன்றைத் தேய்த்துக்கொண்டே கேள். ஏழு சுற்றுக்கு ஒரு பொருள்."

அப்பா அதை மூன்று தடவை போட்டுக் கேட்டார். நான் கணக்கு நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"இந்தக் குரலக் கேட்டியாடீ? என்ன கனம்! எத்தன வருஷத்து அனுபவம்!" பிறகு அடுக்களைப் பக்கம் கழுத்தை நீட்டினார். "ஏம்மா, வட்டமா ஏதாவது இருக்கா?"

"தொட்டில பாருங்க. நெறைய இருக்கு."

மூன்றாவது பாட்டு தொடங்கியது. அப்பா சட்டைக் கையை மடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று... நாலாவது தட்டில் அடுக்களையிலிருந்து ஓர் அலறல்.

"வருதுடீ! வருது! ஏழாவது சுத்துல டிரம்மும் கிட்டாரும் கட்டிப்புடிச்சுக்கிட்டு இறங்குது! இத்தன வருஷமா கேக்கறேன், இது எனக்குப் புடிபடவே இல்லையே!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். முழங்கை வரை நுரை, கண்ணெல்லாம் ஒளி. இதில் வேடிக்கை என்னவென்றால், அது நிஜமாகவே வந்தது. நானும் ஒரு கிண்ணத்தைத் தேய்த்துப் பார்த்தேன். ஏழாவது சுற்றில் அந்த டிரம் 'தொப்'பென்று வந்து விழுந்தபோது உள்ளங்காலில் கூச்சம் எடுத்தது.

"இன்னொரு தட்டு குடு!"

"முடிஞ்சிடுச்சுப்பா."

"அலமாரில இருக்கறத எடு!"

கழுவின தட்டெல்லாம் மறுபடி கழுவப்பட்டன. உள்ளே அம்மா முதல் அத்தியாயத்தை முடித்திருந்தாள்.

அதற்குப் பிறகு ஆறுதந்தியார் அடங்கவில்லை. ஐந்தாவது பாட்டுக்கு அவர் கட்டளை: "தம்பீ, இதில் பாஸ் கிட்டார் தரையோடு தரையாகப் போகிறது. நீயும் போ. கையில் ஈரத்துணி இருக்கட்டும்." அப்பா கட்டிலுக்கு அடியில் போனவர், பாட்டு முடிந்தும் வரவில்லை. மறுபடி போடச் சொன்னார். கட்டிலுக்கு அடியிலிருந்து, "ஆகா... ஆகா..." என்று மட்டும் வந்தது.

முதல் பாட்டுக்கு: "கிட்டார்காரர் இரண்டு நிமிடம் வாசிக்காமல் காத்திருக்கிறார். காத்திருப்பதே கலை. அடுப்பில் ஏதாவது கொதிக்கும்போது பக்கத்தில் நின்று பழகு." அன்றிலிருந்து பால் பொங்கி வழியவில்லை.

நான்காவது பாட்டுக்குத் துணி உலர்த்தும் படலம். ஈரத்துணியை உதறும் வேகத்தில்தான் கீபோர்டு புரியுமாம். அப்பா மரியாதையாகச் சந்தேகம் கேட்டார்.

"ஐயா, உள்ளாடைகளும் இதில் சேருமா?"

வாளிக்குள் தலையை விட்டேன். "சேரும், தம்பீ. சின்ன சுரங்களை ஒதுக்குபவன் ரசிகன் அல்ல."

எதிர்வீட்டுக்காரர் பால்கனியில் நின்று பார்த்தார். "என்ன சார், வீட்டம்மா ஊர்ல இல்லையா?"

"உள்ளதான் இருக்காங்க. நான் இசை கேட்டுக்கிட்டு இருக்கேன்," என்று அப்பா ஒரு பாவாடையை உதறினார்.

எதிர்வீட்டுக்காரர் அவசரமாக உள்ளே போய்விட்டார்.

அப்பா பெருந்தன்மைக்காரர். ஒருநாள் அம்மாவின் மேஜையருகே வந்தார். "நீயும் ஒரு தடவ கேளேன். ஆறுதந்தியார் சொல்ற மாதிரி கேட்டா உனக்கும் கொஞ்சம் புரியும்."

"எனக்கெங்கங்க இதெல்லாம் புரியப் போகுது?" என்றாள் அம்மா. அவள் பென்சில் புத்தகத்தின் மேல் ஏழு ஏழாகத் தட்டிக்கொண்டிருந்தது. நான் அவள் காலை மிதித்தேன். பென்சில் நின்றது.

அப்பா என்னிடம் வந்து ரகசியமாக, "பாவம்டீ உங்கம்மா. ஞானம் இல்ல," என்றார்.

ஐந்தாவது வாரம் அம்மா எழுதித் தந்த தாளைப் படித்துவிட்டுத் திருப்பிப் பார்த்தேன். "இதுல என்ன வேலைன்னே போடலையே? ஜன்னல் தொடைக்கணுமா?"

"இதுல வேலை இல்லடீ." அம்மாவுக்கு முகம் சிவந்தது. "சும்மா. எனக்குப் பிடிச்சிருக்கு. அந்தக் குரல்ல சொல்லேன்."

அதனால் சொன்னேன். "தம்பீ... ஆறாவது பாட்டு. நடுவில் எல்லாரும் ஓய்ந்தபின் அந்தப் பெரியவர் நான்கு சுரம் வாசிக்கிறார். மறுபடி அதே நான்கு. மறுபடி அதே நான்கு. ஒரு வாழ்நாள் முழுக்க வாசித்தும் யாரும் கதவைத் திறக்கவில்லை. அவர் மூன்று முறை தட்டுகிறார். நாம் திறந்தோமே, அது போதும்."

அப்பா அழுதார். துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டே அழுதார். "நான் மனசுல நெனச்சத அப்படியே சொல்லிட்டார்டீ மனுஷன்!" என்றார். கட்டுரைக்கு அன்றே தலைப்பு கிடைத்தது: 'மூன்று முறை தட்டியவர்'.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. அம்மா கிளம்பும்போது என் தாடையைப் பிடித்தாள். "எழுதி முடிச்சிட்டேன்னு நான் செய்தி அனுப்புற வரைக்கும் வாயத் தொறக்காத. தெரிஞ்சா மனுஷன் பரீட்சை வாசல்லயே வந்து நிப்பார், பஞ்சாயத்துக்கு."

அதே காலையில்தான் குழுவின் முதல் நேரடிக் கூட்டம், உறுப்பினர்களில் ஒருவரான டிரம் வாத்தியார் வீட்டில். அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஐந்து பேர் வந்திருந்தார்கள், வானிலைக்காரர் உட்பட. அப்பா கட்டுரையை எழுந்து நின்று வாசித்தார். சும்மா சொல்லக்கூடாது, அருமையான கட்டுரை. பாத்திரத் தொட்டியின் பக்கத்தில் நின்று கேட்டவர் மட்டுமே எழுதக்கூடியது. 'மூன்று முறை தட்டினார்' என்ற இடத்தில் வானிலைக்காரர் மூக்கைச் சிந்தினார்.

"பிரமாதம்!" என்று டிரம் வாத்தியார் துள்ளி எழுந்தார். "இப்ப பாருங்க அதிசயத்த. நேத்துதான் எனக்கும் ஒரு 'கோணல் மழை' கெடச்சுது. பிரிக்காத புதுத் தட்டு! அந்த எடத்த எல்லாரும் சேர்ந்து கேப்போம்."

ஆறாவது பாட்டு. எல்லாரும் ஓய்ந்தார்கள். அப்பா மூன்று விரலை உயர்த்தினார். கிட்டார் வந்தது. நான்கு சுரம்.

அப்பா ஒரு விரலை மடக்கினார்.

பாட்டு வேறு எங்கோ போயிற்று. மீதி இரண்டு விரல் அந்தரத்தில் நின்றன.

"என்ன வாத்தியாரே, உங்க தட்டு சுரத்த முழுங்குது?"

வாத்தியார் ஊசியை மறுபடி வைத்தார். ஒரு தடவை. மறுபடி. ஒரே தடவை.

வாத்தியார் தலையைச் சொறிந்தார். "சார், இது புதுசு. ஒருவேள... உங்க தட்டுலதான் கீறலோ? ஊசி அதே எடத்துல மூணு சுத்து சுத்தியிருக்கும்."

"என் தட்டுலயா? லிஃப்ட் சத்தத்துல கால் மில்லிமீட்டர் தேய்மானம் கண்டுபிடிக்கிறவன்யா நான்!"

"உங்க தட்டுங்கறதால பாசத்துல விட்டிருப்பீங்க."

அப்பா கொஞ்ச நேரம் கட்டுரையைப் பார்த்தார். திடீரென்று முகம் மலர்ந்தது. "இல்ல! ஆறுதந்தியாரே மூணு தடவன்னு சொன்னாரே! அவர் தப்பா சொல்வாரா?"

"அவர் தட்டுலயும் கீறல் இருக்குமோ?" என்றார் வானிலைக்காரர்.

"அதான்! அவர் தட்டுலயும் கீறல்!"

"அதே பாட்டுல, அதே எடத்துல, அதே மூணு தடவையா?" என்றார் வாத்தியார் மெதுவாக.

அப்பாவின் முகத்தில் ஒரு லிஃப்ட் மாடி மாடியாக இறங்குவதை நான் பார்த்தேன். ஆறுதந்தியார் கேட்டது எங்கள் வீட்டுத் தட்டு. எங்கள் வீட்டுத் தட்டு எங்கள் வீட்டில்தான் ஓடுகிறது. எங்கள் வீட்டில் இருப்பது மூன்று பேர். வெதுவெதுப்பான நீர். ஈரத்துணி. உள்ளாடை. லிஃப்ட் தரைத்தளத்தில் 'டொம்'மென்று நின்றது. அப்பா என் பக்கம் திரும்பினார்.

"யாருடீ அது? நீயா... உங்கம்மாவா?"

என் போன் அதிர்ந்தது. அம்மா. 'எல்லாக் கேள்வியும் எழுதிட்டேன்டீ! இந்தத் தடவ கெடச்சிடும்!'

ஐந்து வாரமாக அடக்கியது அத்தனையும் தொண்டைக்கு வந்தது. பஞ்சும் இல்லை, வாளியும் இல்லை. ஆனாலும் குரல் கச்சிதமாக இறங்கியது.

"இருவரும்தான், தம்பீ."

அந்தக் குரலைக் கேட்டதும் அறையிலிருந்த ஐந்து ரசிகர்களும் மரியாதையாக எழுந்து கைகட்டி நின்றார்கள். பழக்கதோஷம், அப்பாவும் கட்டினார்.