இன்னும் மணல்

படம் தொடங்கி நான்கு நிமிடமாகியும் திரையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

காதுக்காரர் மைக்கின் முன் குனிந்து, "மணல்" என்றார். காத்திருந்தார். "இன்னும் மணல்."

திரையில் நடப்பதைப் பார்வையில்லாத ரசிகர்களுக்கு ஹெட்ஃபோன் வழியே சொல்வது அவர் வேலை; தியேட்டரில் அந்தப் பெயர் வந்தது அதனால்தான். தியேட்டரின் மூன்றாவது வரிசையில் ஒன்பது ஹெட்ஃபோன்கள். அரங்குக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஒரு சிறிய அறையில், தனியாக, வேறு வயரில் படம் வரும் ஒரு குட்டித் திரையைப் பார்த்தபடி இவர். படத்தில் யாராவது பேசும்போது இவர் பேசக் கூடாது. அவர்கள் வாயை மூடினால் இவர் திறக்க வேண்டும். 'கதவைச் சாத்துகிறாள்', 'கடிதத்தைக் கிழிக்கிறான்' என்று இரண்டு வார்த்தை சொல்வதற்குள் யாராவது அடுத்த வசனத்துக்கு வந்துவிடுவார்கள். இவர் மூச்சு விட்டுக்கொள்வார்.

காலையில் படத்தோடு வந்த தாளில் 'வசனம்' என்ற கட்டத்துக்கு நேராக 'இல்லை' என்று இருந்தது. வசனத் தாளை இணைக்க மறந்துவிட்டார்கள் என்று அவர் நினைத்தார். படத்திலேயே வசனம் கிடையாது, தொண்ணூறு நிமிடமும் உலகத்தை வெறும் காட்சியும் இசையுமாகக் காட்டப்போகிறார்கள் என்பது இப்போதுதான் மெல்ல உறைத்தது.

உறைப்பதற்கு மோசமான நாள். ஆறு மாதத் தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது; நீட்டிப்பது மேலாளர் கையில். நேற்றே அவர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"போன படத்துக்குப் புகார் வந்திருக்கு. 'அவன் நடக்கிறான்'னு பதினாலு தடவை சொன்னீங்களாம்."

"அவன் பதினாலு தடவை நடந்தான் சார்."

"இன்னொரு புகார் வந்தா, மெஷின் குரல் வாங்கிடுவேன். அதுக்கு லீவு, டீ ஒண்ணும் வேணாம்."

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அப்படியே நம்ம வீட்டுக்கும் ஒரு மெஷின் கேளுங்க. சாப்பிடும்போது அதாவது நாலு வார்த்தை பேசும்."

திரையில் மணல் போய் மலை வந்தது. "மலை" என்றார். மலை நகரவில்லை. இவரும் நகரவில்லை. இந்தத் தொழிலுக்கு ஒரே சட்டம்: கண்ணில் படுவதை மட்டும் சொல்ல வேண்டும், மனதில் படுவதைச் சொல்லக் கூடாது. மலையைப் பற்றிக் கண்ணில் பட்டது தீர்ந்துபோயிருந்தது.

கதவு லேசாகத் திறந்தது. இருட்டில் வருகிறவர்களுக்கு இருக்கை காட்டும் டார்ச் அக்கா தலையை மட்டும் நீட்டினாள்.

"தம்பி, உள்ள ஒரே சலசலப்பு."

அவருக்குப் புரிந்துவிட்டது. தன் குரல் ஹெட்ஃபோனிலிருந்து கசிந்து மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கிறது. சட்டென்று குரலைத் தாழ்த்தி, ரகசியம் சொல்வதுபோல, "மலை மேல் மேகம்" என்றார்.

இரண்டே நிமிடத்தில் அவள் திரும்பி வந்தாள். "சத்தமா சொல்லச் சொல்றாங்க."

"யாரு?"

"எல்லாரும்."

"ஒன்பது பேரும் சேர்ந்தா?"

அக்கா ஒருகணம் யோசித்தாள். "ஹெட்ஃபோன் ஒன்பதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று அவருக்கு விளங்கவில்லை.

சத்தமாகச் சொன்னார். அடுத்து அக்கா ஒரு சீட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். 'மலை என்ன நிறம்?'

ஆறு மாதத்தில் அவரிடம் யாரும் நிறம் கேட்டதில்லை. "பழுப்பு" என்றார். உடனே இரண்டாவது சீட்டு. 'எந்த மாதிரிப் பழுப்பு?' கையெழுத்து வேறு.

"அக்கா, இதெல்லாம் யார் எழுதறாங்க?"

"நீங்க மலையைப் பாருங்க தம்பி. போயிடப் போவுது."

அவர் திணறி, "மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி" என்றார். சட்டம் உடைந்துவிட்டது. சுவருக்கு அப்பாலிருந்து ஏதோ சத்தம் கேட்டது. சிரிப்பா, கோபமா என்று தெரியவில்லை.

இப்போது மேலாளரே மூச்சிரைக்க வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"உங்க குரலை அரங்கு ஸ்பீக்கர்ல போடறேன்."

காதுக்காரர் மைக்கைக் கையால் மூடினார். "சார், உள்ள இருநூறு பேர் இருக்காங்க. அவங்க கண்ணால பாக்கறதையே நான் வாயால சொன்னா..."

"சொல்லுங்க. என்ன ஆனாலும் நிறுத்தாதீங்க."

இது தண்டனை. ஊரறிய அவமானப்படுத்தித்தான் அனுப்பப்போகிறார். திரையில் இப்போது உப்பளம், வெள்ளை வெள்ளையாய். "உப்பளம். குடையோடு ஒருவன்" என்றார். அவன் குறுக்கே போனான். 'அவன் நடக்கிறான்' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினார். விழுங்கியதில் மற்ற வார்த்தைகளும் உள்ளே போய்விட்டன. அவர் பேசவில்லை. அந்த மௌனம் அவருக்கு மிகவும் இதமாக இருந்தது.

மூன்று நிமிடம் கழித்துச் சுவர் அதிர்ந்தது. இருக்கைகளைத் தட்டுகிறார்கள்.

அக்கா ஓடிவந்தாள். "ஏன் தம்பி நிறுத்தினீங்க? அந்தக் குடைக்காரன் போய்ச் சேர்ந்தானா இல்லையான்னு கேட்டு உசுரை வாங்கறாங்க."

"அவங்களே பாக்கலாமே?"

"பேசுங்க தம்பி, புண்ணியமாப் போவும்."

வேலை எப்படியும் போய்விட்டது. இனிச் சட்டம் எதற்கு என்று தோன்றியது. உப்பளம் மறைந்து பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண்ணின் முகம் வந்தது. அவள் நேராக இவரையே பார்த்தாள்.

"ஒரு பெண் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பஸ் வந்துவிட்டது. அவள் ஏறவில்லை. பஸ்ஸுக்காக அவள் வரவில்லை என்று நினைக்கிறேன். வீட்டில் பேசுவதற்கு யாரும் இல்லாதவர்கள் இப்படித்தான் வந்து நிற்பார்கள்." அதைச் சொன்னதும் மனைவியின் ஞாபகம் வந்தது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது. சுவருக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. கப்பலை உடைத்தார்கள், சொன்னார். பறவைகள் திரும்பின, சொன்னார். கடைசியில் கடல், அதற்கு மட்டும் பத்து நிமிடம். படம் முடிந்தபோது கைத்தட்டல் வெகுநேரம் கேட்டது. நல்ல படம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தன் தண்ணீர்ப் பாட்டிலையும் குடையையும் பையில் எடுத்துவைத்தார்.

வெளியே வந்தால் வழியெல்லாம் ஆட்கள். ஒரு முதியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கடல் இருக்கே" என்று தொடங்கி, மேலே சொல்ல முடியாமல் போய்விட்டார். "நான் எடுத்ததில்லைங்க" என்று காதுக்காரர் அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

மேலாளர் குறுக்கே வந்து நின்றார். "ஒரே ஒரு புகார்தான். நடுவுல மூணு நிமிஷம் பேசாம இருந்தீங்களாம்."

"தெரியும் சார். பையை எடுத்துட்டேன்."

"பையை வைங்க. நாளையிலேர்ந்து நீங்க நிரந்தரம்."

அவர் போனபிறகு காதுக்காரர் வாசலில் அப்படியே நின்றார். டார்ச் அக்கா படியில் உட்கார்ந்து டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. அவ்வளவு பெரிய திரையில, கண்ணு முன்னாலயே படம் ஓடும்போது, நான் சொல்றதை ஏன் இவங்க இப்படிக் கேட்டாங்க?"

அக்கா டார்ச்சை ஒருமுறை அடித்துப் பார்த்தாள். "சொன்னா பதறி நிறுத்திடுவீங்கன்னு மேனேஜர் சொல்ல விடல தம்பி. அஞ்சாவது நிமிஷமே ப்ரொஜெக்டர் பல்பு போயிடுச்சு. ஜனங்க கும்மிருட்டுல உக்காந்து உங்களைத்தான் பார்த்துட்டிருந்தாங்க."